பழைய ஃபியட் வாங்கலாமா? எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள்

பழைய காரைப் பார்க்கப் போனால் விற்பவர் முதலில் பானெட்டைத்தான் தூக்குவார். புது பேட்டரி போட்டு வைத்திருப்பார். ரெண்டு செல்ஃப் அடித்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகும். "சத்தம் கேளுங்க சார், தையல் மெஷின் மாதிரி ஓடுது" என்பார். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர் அந்த இடத்திலேயே பாதி விழுந்துவிடுவார். அதன்பிறகு அவர் பார்ப்பதெல்லாம் சம்பிரதாயத்துக்குத்தான்.

ஆனால் பழைய இந்திய கார்களில் சரிசெய்ய எளிதானது எஞ்சின்தான். தேய்ந்த சிலிண்டரை போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடவும், கிராங்கைக் கிரைண்டிங் பண்ணவும், வால்வு உட்கார வைக்கவும் மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் லேத் பட்டறை உண்டு. பணம் போனாலும் வேலை முடிந்துவிடும். துருப்பிடித்துப்போன பாடியும், தொலைந்துபோன ஆர்.சி. புத்தகமும் அப்படியல்ல. அதனால் விற்பவர் காட்டும் வரிசையைத் தலைகீழாக்கி, காகிதத்தை முதலிலும் தகரத்தை அடுத்தும் எஞ்சினைக் கடைசியிலும் பார்க்கச் சொல்கிறேன். அதற்கெல்லாம் முன்னால் உங்களையே கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு நம்ம ஊரில் எல்லோரும் 'ஃபியட்' என்று சொல்லும் வண்டியை எடுத்துக்கொள்கிறேன். மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. 1954இல் மில்லெசென்டோ, பிறகு எலிகன்ட், செலக்ட், சூப்பர் செலக்ட் என்று வந்து, 1964இல் 1100 டிலைட் ஆனது. 1970களில் பிரீமியர் பிரசிடென்ட், அப்புறம் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி, இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை ஓடியது. 1,089 சிசி பெட்ரோல் எஞ்சின். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் தண்டு. புதியவர் கைவைக்க இதைவிட நல்ல நான்கு சக்கர வண்டி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அம்பாசிடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பற்றியும் போகிற வழியில் சொல்கிறேன்.

முதலில் நீங்கள்

கூரையுள்ள இடம் இருக்கிறதா? தார்ப்பாய் போட்டு மூடிக்கொள்ளலாம் என்று பதில் சொன்னால் இப்போதைக்கு வாங்காதீர்கள். பிரித்துப் போட்ட கார் முழுக் காரைவிட இரண்டு மடங்கு இடம் கேட்கும். கதவு, சீட், பம்பர், கண்ணாடி எல்லாம் தனித்தனியாக எங்காவது சாய்ந்து நிற்க வேண்டும். மழைத் தண்ணீரைவிடத் தார்ப்பாய்க்குள் தேங்கும் ஈரம்தான் தகரத்தை வேகமாகத் தின்னும்.

அடுத்து, எதற்காக வாங்குகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு ஒரு சுற்று போகவா, கண்காட்சியில் நிறுத்தவா, தினம் ஆபீசுக்கு ஓட்டவா, இல்லை சரிசெய்து விற்கவா? கடைசிக் காரணம் என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஃபியட்டையோ அம்பாசிடரையோ முழுசாகச் சரிசெய்ய ஆகும் செலவு, விற்கும்போது பெரும்பாலும் திரும்பி வராது. வேறொருவர் செலவழித்து முடித்துவிட்டு விற்கும் வண்டியை வாங்குவதுதான் எப்போதும் மலிவு. அதைத் தெரிந்துகொண்டே 'இல்லை, நானே செய்ய வேண்டும்' என்று தோன்றினால் தொடருங்கள்.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. வண்டியைத் தேடுவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள், ஸ்பார்க் வரவைக்கும் பாயின்ட் செட்டுக்கு இடைவெளி வைக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். பலர் பட்டறையை மகன் கையில் கொடுத்துவிட்டார்கள், மகன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துத்தான் கோளாறு சொல்வார். உங்கள் ஊரில் யார் இருக்கிறார், அவருக்கு இன்னும் இதில் ஆர்வம் உண்டா, வண்டி பார்க்கும் அன்று கூட வருவாரா என்று கேளுங்கள். கூட வந்தால் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். 'வண்டி வாங்கினா வேலை உங்களுக்குத்தானே' என்று சும்மா கூட்டிப்போனால், நல்ல மனுஷனுக்கும் "எடுங்க சார், பண்ணிடலாம்" என்று சொல்லத்தான் தோன்றும்.

கையில் பணமும் குறைவு, அனுபவமும் இல்லை என்றால் முதலில் ஒரு பழைய ஸ்கூட்டரையோ யெஸ்டி பைக்கையோ எடுத்துச் செய்து பாருங்கள். உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

எந்த வண்டி

மூன்றும் ஒரே காலத்து வண்டிகள்தான், ஆனால் நோய் வேறு வேறு. ஃபியட்டுக்கும் அம்பாசிடருக்கும் பாடியைத் தாங்கும் தனிச் சட்டம் (ஃபிரேம்) கிடையாது. பாடியே எலும்புக்கூடு, தகரம் போனால் பலமும் போச்சு. அம்பாசிடரின் தகரம் கனம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரானதால் சாமான் இன்னும் கிடைக்கிறது, ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் கைப்பழக்கம் உள்ளவர்கள். ஆனால் டாக்சியாகவும் அரசு வண்டியாகவும் அடிபட்டுத் தேய்ந்தவை நிறைய. பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சின் மாற்றியவையும் நிறைய.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம்ம ஊர்க்காரர். சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. அதற்குத் தனிச் சட்டம் உண்டு, பாடியைப் போல்ட் கழற்றித் தூக்கலாம், முன்பக்க மூக்கு முழுவதும் முன்னால் சாய்ந்து திறக்கும், எஞ்சினுக்குப் பக்கத்தில் டயர்மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சாமான் கிடைப்பது மூன்றிலும் இதற்குத்தான் கஷ்டம். முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனுக்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் விட வேண்டும். அது தெரியாமல் பல வருஷம் ஓடிய வண்டியில் அந்தத் துண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். முதல் வண்டியாக ஹெரால்டு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், ஹெரால்டு வைத்திருக்கும் நண்பர்கள் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

ஃபியட்டிலும் 1964க்கு முந்தையவற்றை விட்டுவிடுங்கள். முன்கதவு பின்பக்கம் கீல் வைத்துத் திறக்கும் அந்த வண்டிகள் அழகுதான், ஆனால் அவற்றுக்கு உண்டான கண்ணாடி, கதவுக் கொண்டி, விளக்கு வளையம் எல்லாம் சேகரிப்பவர்கள் கையில் போய்விட்டன. டிலைட் முதல் பத்மினி வரை உருவம் ஏறக்குறைய ஒன்றே, அதனால் ஒன்றின் சாமானில் பாதிக்கு மேல் இன்னொன்றுக்குப் பொருந்தும்.

காகிதம்

"தாத்தா வண்டி சார். ஆர்.சி. பரண்மேல எங்கயோ இருக்கும், எடுத்துத் தரேன்." இதைக் கேட்டதும் அட்வான்ஸ் கொடுக்கும் கையைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்து ஆர்.சி. வந்த பிறகு பேசலாம்.

ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். இறந்திருந்தால் முதலில் வாரிசுகளில் ஒருவர் பெயருக்குப் படிவம் 31 மூலம் மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றும், வட்டாட்சியர் கொடுக்கும் வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். அமெரிக்காவில் இருக்கும் ஒரு அத்தை கையெழுத்துப் போட மறுத்தால் வண்டி உங்கள் பெயருக்கு வராது. உயிரோடு இருக்கும் உரிமையாளர் என்றால் படிவம் 29, 30 போதும். வேறு ஆர்.டி.ஓ. எல்லை என்றால் படிவம் 28, அதாவது என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று. எந்தக் காலத்திலோ எடுத்த வங்கிக் கடன் ஆர்.சி.யில் அப்படியே கிடந்தால் அதை நீக்கப் படிவம் 35. அந்த வங்கியே இப்போது வேறு வங்கியோடு சேர்ந்திருக்கலாம், அது தனி அலைச்சல்.

எண்களைச் சரிபாருங்கள். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். துருவைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் எழும்பி வரும், அந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மாறியிருந்து அது ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால், அந்தச் சிக்கலை விற்பவர் தீர்த்துத் தரட்டும். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்று எழுதியிருக்க, உள்ளே டீசல் எஞ்சின் கடகடத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

1989க்கு முந்தைய வண்டியில் 'டி.என்.01' மாதிரி எண் இருக்காது, மூன்று எழுத்துப் பழைய எண்தான் இருக்கும். அந்த எண் இணையத்தில் உள்ள 'வாகன்' என்ற அரசுப் பதிவேட்டில் வருகிறதா என்று தேடுங்கள். வராவிட்டால் பயப்பட வேண்டாம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய லெட்ஜரைப் பார்த்து ஏற்றுவார்கள். ஆனால் அந்த லெட்ஜரில் வண்டி இருக்கிறதா, பதிவு ரத்தாகியிருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது செலவு. சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். இதோடு பசுமை வரி தனி. புதியவர்களை அடித்துப் போடுவது தாமதக் கட்டணம்தான். காருக்கு மாதம் 500 ரூபாய். பத்து வருஷம் ஷெட்டில் கிடந்த வண்டிக்கு மாதக் கணக்குப் போட்டால் 60,000 வரும். எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவார்கள் என்று சம்பந்தப்பட்ட ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டு, மொத்தத் தொகையைத் தெரிந்துகொண்டு, அதை வண்டி விலையிலிருந்து கழியுங்கள். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்லும் தொகையை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்னொரு முடிச்சும் உண்டு. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து பிரேக், விளக்கு, ஹார்ன் எல்லாம் சரி என்றால்தான் ஆர்.சி. புதுப்பிக்கப்படும். அதாவது வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் காகிதத்துக்கு உயிர் வரும். காகிதம் கிடைக்குமா என்று தெரியாமலே அந்தச் செலவைச் செய்யப் போகிறீர்கள் என்பதால்தான், வாங்கும் முன்பே இவ்வளவு விசாரிக்கச் சொல்கிறேன்.

டெல்லியில் பழைய வண்டிக்குத் தடை என்ற செய்தியைப் படித்துவிட்டுப் பலர் இங்கேயும் 15 ஆண்டில் உடைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோக காருக்கு அப்படி இல்லை, தகுதி இருந்தால் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

ஐம்பது ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு வேறொரு வழியும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலானதும், பெரிய மாற்றம் செய்யாமல் அசல் உருவில் இருப்பதுமான வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. 1970களின் தொடக்கத்து ஃபியட்டுகள் இப்போது இந்த வயதைத் தொட்டுவிட்டன. ஆனால் அவசரப்படாதீர்கள். விண்டேஜ் பதிவுள்ள வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும், பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும்தான் ரோட்டில் எடுக்கலாம். பிள்ளையைப் பள்ளியில் விடப் போக முடியாது. ஓட்டும் ஆசை இருந்தால் சாதாரண ஆர்.சி.யை உயிரோடு வைத்திருப்பதே நல்லது.

தகரம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம், பகல் வெளிச்சத்தில், வண்டி ஈரமில்லாமல் காய்ந்திருக்கும்போது. டார்ச், சின்ன காந்தம், ஸ்க்ரூ டிரைவர், படுக்க ஒரு சாக்கு போதும். காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், பெயின்டில் கீறல் விழுந்தால் பேச்சு வளரும்.

முதலில் பெயின்ட். வெளுத்துத் திட்டுத்திட்டாகப் போன கம்பெனிப் பெயின்ட் இருந்தால் சந்தோஷப்படுங்கள். அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ அது அப்படியே தெரியும். போன மாதம் அடித்த பளபளப்பான பெயின்ட்தான் சந்தேகத்துக்குரியது. விற்பதற்காகப் பெயின்ட் அடிப்பவர் துருவை வெட்டி எடுக்க மாட்டார், பட்டி பூசி மூடுவார். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ரன்னிங் போர்டில் காந்தத்தை மெதுவாக நகர்த்துங்கள். நல்ல தகரத்தில் காந்தம் இழுத்துப் பிடிக்கும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி தளர்ந்து வழுக்கும், சில இடத்தில் விழுந்தே விடும். அந்த இடத்தை விரல் முட்டியால் தட்டினால் 'டங்' என்று கேட்காது, சுவரைத் தட்டினாற்போல் மொத்தையாகக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தைப் பட்டறையில் சுரண்டினால் ஓட்டைக்குள் கொசுவலைக் கம்பியையும் பழைய நாளிதழையும் திணித்து மேலே பட்டி பூசியிருப்பதைப் பார்க்கலாம்.

அடுத்து உள்ளே. கால்மிதியைத் தூக்குங்கள், அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் ரப்பர் விரிப்பையும் ஓரத்தில் பிய்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில். முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, ஓட்டுநர் காலடித் தகரத்தில் தேங்கி, வருஷக்கணக்கில் தின்றிருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். பேட்டரி உட்காரும் தட்டு, ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம், பின் மட்கார்டின் உள்வளைவு, நான்கு கதவுகளின் அடிவிளிம்பு என்று ஒன்றையும் விடாதீர்கள். இவற்றில் ஓட்டை இருந்தால் செலவுதான், ஆபத்தில்லை.

பாடியின் பலம் இருக்கும் மூன்று இடங்களில் ஓட்டை இருந்தால்தான் ஆபத்து. ரன்னிங் போர்டின் உள்பகுதி, முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் இடம், பின் லீஃப் ஸ்பிரிங்கின் முனைகள் பாடியோடு சேரும் இடம். கடைசியாகச் சொன்னதைப் பார்க்க வண்டிக்குக் கீழே படுத்தே ஆக வேண்டும். டிக்கிக்குள் அதே மூலையில் வெல்டிங் ஒட்டுப் போட்ட அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நான்கு கதவையும் மெதுவாகத் திறந்து மூடுங்கள். கதவைக் கொஞ்சம் தூக்கினால்தான் பூட்டு விழுகிறதா? கீலை அசைத்துப் பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் கீலோடு வேலை முடிந்தது. கீல் உறுதியாக இருந்தும் கதவு தொங்கினால் பாடி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமானால், ஜாக்கி போடும் இடத்தில் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, உள்ளே யாரும் இல்லாதபோது அந்தப் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு இறுகினாலோ, ஜாக்கி வைத்த இடம் கறகறவென்று உள்ளே போனாலோ, டீ குடித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறலாம்.

வண்டி எங்கே வாழ்ந்தது என்றும் கேளுங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி கடற்காற்றில் நின்ற வண்டியைவிட கோயம்புத்தூர், சேலம், தருமபுரிப் பக்கத்து வண்டியின் தகரம் பொதுவாக நன்றாக இருக்கும். மரத்தடியில் நின்றிருந்தால் பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் இலைச் சருகு மக்கிக் கிடக்கும், அதற்குக் கீழே துரு நிச்சயம்.

டிங்கரிங் பட்டறை விஷயத்தில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்குத் தினச் சோறு போடுவது இன்ஷூரன்ஸ் கிளெய்மில் வரும் புது வண்டிகள். உங்கள் ஃபியட் மூலைக்குத் தள்ளப்படும், அதன்மேல் மற்ற வண்டிகளின் பம்பர் உட்காரும். இதில் யார்மேலும் கோபப்பட்டுப் பயனில்லை. வேலை முடிய முடியப் பகுதிபகுதியாகப் பணம் கொடுங்கள், வாரம் ஒருமுறை நேரில் போங்கள். துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரத்தை மடித்து, சி.ஓ.2 வெல்டிங்கில் சேர்ப்பாரா, இல்லை மேலேயே ஒட்டுப் போடுவாரா என்பதை வேலை கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். கூலி இரண்டுக்கும் வேறு.

சில்லறைச் சாமான்

பெயரில்தான் சில்லறை. பிஸ்டன் செட், கிளட்ச் பிளேட், பிரேக் வாஷர் எல்லாம் தேடினால் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமானுக்கும், ஜி.பி. ரோட்டில் புதுச் சாமானுக்கும் சுற்றலாம். மும்பையில் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றன, அங்கே குர்லாப் பக்கம் இன்னும் சாமான் புழங்குகிறது.

கிடைக்காதது, வெளியில் தெரியும் அழகுச் சாமான்தான். கிரில், விளக்கு வளையம், பம்பர் முனை, கதவுக் கைப்பிடி, ஹார்ன் வளையம், மீட்டர், டேஷ்போர்டுக் குமிழ், வளைந்த கண்ணாடி. இவை வண்டியிலேயே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரும்பு பம்பர் துருப்பிடித்திருந்தால் குரோம் பிளேட்டிங் மறுபடி போடலாம். துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடி, சின்னம் போன்றவை அம்மைத் தழும்பாகப் பொரிந்திருந்தால் பிளேட்டிங் உட்காராது, வேறு வாங்க வேண்டியதுதான். ஒரே மாதிரி இரண்டு வண்டி வந்தால், எஞ்சின் ஜாமாகி எல்லாச் சாமானும் இருப்பதை எடுங்கள். எஞ்சின் ஓடி பாதிச் சாமான் இல்லாததை விடுங்கள்.

அசல் எப்படி இருந்தது என்று தெரியாமல் எது இல்லை என்று சொல்ல முடியாது. கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய வண்டியை நன்றாக வைத்திருப்பது என்றால் எப்படி என்று அங்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சென்னையில் பழைய கார்க்காரர்களின் கிளப்புகள் கண்காட்சி நடத்தும்போது போனால், சாமான் எங்கே கிடைக்கும் என்பதை வண்டிக்காரர்களே சொல்வார்கள். அதைச் சொல்வதில் அவர்களுக்குத் தனிச் சந்தோஷம்.

இப்போது எஞ்சின்

ரொம்ப நாள் நின்ற வண்டியை விற்பவர் ஸ்டார்ட் பண்ணிக் காட்ட முயன்றால் தடுத்துவிடுங்கள். ரிங் சிலிண்டரில் ஒட்டியிருக்கும், உலர்ந்த நிலையில் செல்ஃப் அடித்தால் கீறல் விழும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, நாலைந்து மணி நேரம் ஊறவிட்டு, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் ஜாம் என்று வைத்து விலை பேசுங்கள்.

ஓடும் வண்டி என்றால், நீங்கள் போகும்போது எஞ்சின் சில்லென்று இருக்க வேண்டும். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். முன்பே சூடு பண்ணி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஆயில் ஊற்றும் மூடிக்கடியில் பால் மாதிரி நுரை, ரேடியேட்டரில் விடாமல் குமிழி, இரண்டும் ஹெட் கேஸ்கெட் போயிருப்பதைக் காட்டும். ஃபியட்டின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதித்த வண்டியில் ஹெட் வளைந்திருக்கலாம். நீலப்புகை விட்டால் ஆயில் தூக்குகிறது, அதாவது எஞ்சின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. கம்ப்ரஷன் மீட்டர் இருந்தால் நான்கு சிலிண்டரையும் அளந்து, நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிரேக்கை மிதித்து அப்படியே அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் ஒரே பைப் வழி, ஒரு இடத்தில் கசிந்தால் எதுவுமே பிடிக்காது. அதனால் எந்த வண்டியானாலும் பிரேக் வேலையை முழுசாகக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பெட்ரோல் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அப்படியே சேருங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததல்ல.

கணக்கு

ஒரு தாளில் எழுதுங்கள். வண்டி விலை, காகிதச் செலவு, டிங்கரிங்கும் பெயின்டும், எஞ்சின் கியர் பிரேக், ஒயரிங், சீட்டும் மேல்விரிப்பும், அழகுச் சாமான், டயர் பேட்டரி, லாரி வாடகை. ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊர்ப் பட்டறையில் விலை கேட்டுப் போடுங்கள். மாதிரிக்கு: வண்டி 80,000 என்று வைத்துக்கொண்டால், மற்றதெல்லாம் சேர்ந்து 2,50,000 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த இரண்டரை லட்சத்தின்மேல் இன்னும் மூன்றில் ஒரு பங்கு சேருங்கள், பெயின்டைச் சுரண்டிய பிறகு தெரியவரும் செலவு அது. வரும் மொத்தத்தை, உங்கள் ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அதே மாதிரி வண்டியின் விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசத்தை, நீங்களே செய்யும் சந்தோஷத்துக்குக் கொடுக்க மனசு வருகிறதா? வீட்டில் அந்தத் தாளைக் காட்ட முடிகிறதா? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால் வாங்காதீர்கள்.

வாங்குவதென்றால்

விலை பேசும்போது வண்டியைக் குறை சொல்லாதீர்கள். பல பேருக்கு அது அப்பா வைத்திருந்த வண்டி, குறை சொன்னால் விலை ஏறும் அல்லது கதவு மூடும். "ஐயா, ரன்னிங் போர்டு மாத்தணும், ஆர்.டி.ஓ.வுல இவ்வளவு கட்டணும்" என்று தாளைக் காட்டிப் பேசுங்கள். அட்வான்ஸுக்கு ரசீது, கையெழுத்திட்ட படிவங்கள், அடையாள அட்டை நகல் எல்லாம் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். ஷெட் மூலையில் டப்பாவில் கிடக்கும் பழைய திருகுகளையும் உடைந்த விளக்குகளையும் 'குப்பைதானே' என்பார்கள், அவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டிக்கொண்டு வராதீர்கள். காகிதம் உயிரோடு இல்லை, இன்ஷூரன்ஸ் இருக்காது, பிரேக்கை நம்ப முடியாது. ரெக்கவரி வண்டியில் நான்கு சக்கரமும் மேலே ஏறும்படி கொண்டுவாருங்கள்.

வந்து இறங்கிய முதல் வாரம் ஸ்பேனரைத் தொட வேண்டாம். எலிக்கூட்டைச் சுத்தம் பண்ணுங்கள், ஒயரைக் கடித்திருக்கிறதா பாருங்கள், டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். எல்லாப் பக்கமும், கதவிடுக்கு, ஒயர் போகும் வழி, எந்தத் திருகு எங்கே என்று மொபைலில் படம் எடுங்கள். அப்புறம் முழுசாகப் பிரித்துக் கொட்டாமல் ஒவ்வொரு பகுதியாகக் கழற்றி, திருகுகளை ஜிப் கவரில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று பேப்பர் டேப்பில் எழுதி ஒட்டி, அதன் பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள்.